எங்கள் ஆச்சியின் சாவிக்கொத்து

(அக்டோபர் 1, உலக முதியோர் தினத்தன்று நம் குடியிருப்பின் பொது அரங்கில் நான் பேசியது. வர முடியாதவர்களுக்காக எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். பேசியபடியே தந்திருக்கிறேன்.)



செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார். நான் 38 வருடம் வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்தவன். "ஒரு பத்து நிமிஷம் உட்காருங்க" என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது எவ்வளவு நேரம் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் முன்பின் ஆனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதியோரைப் பற்றிப் பேச வேண்டும் என்றதும் பத்திரிகைகளில் வந்ததையெல்லாம் பார்த்துக் குறிப்பு எடுத்தேன். எழுதி முடித்துப் படித்தால் அது வருடாந்திர அறிக்கை மாதிரி இருந்தது. பி.காம். படித்தவன் புத்தி. கிழித்துப் போட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக எங்கள் ஆச்சியைப் பற்றிச் சொல்கிறேன், என் அம்மாவின் அம்மா. அவள் கணக்கில் என் பெயரில் ஒரு பாக்கி நிற்கிறது. அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஆச்சியிடம் வயது கேட்டால், "தொண்ணூத்தொம்பது வெள்ளத்துல பொறந்தேன், நீயே கணக்குப் போட்டுக்கோ" என்பாள். கொல்லம் ஆண்டு 1099, அதாவது 1924. அந்த வருடம் ஆடியில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தையே புரட்டிப்போட்ட பெருவெள்ளம் வந்தது. நாமெல்லாம் அப்போது திருவிதாங்கூர் பிரஜைகள். ஆச்சி சிறுமியாக எண்ணிப் பழகிய காசும் அந்த ஊர்க் காசுதான். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். நான் வங்கியில் சேர்ந்த பிறகும் அவள் மனக்கணக்கில் என்னைத் தோற்கடிப்பாள்.

ஆச்சிக்கு ஒரு வயது ஆகும்போது அவள் அப்பா காலமானார். இந்த இடத்தில், வெளியூரிலிருந்து வந்து நம் குடியிருப்பில் வசிப்பவர்களுக்காக ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்களில் பெரும்பாலும் மருமக்கள்வழிதான். ஒருவர் இறந்தால் அவர் சொத்து அவர் பிள்ளைகளுக்குப் போகாது, அவருடைய சகோதரியின் மகன்களுக்குப் போகும். மனைவி மக்களுக்கு உகந்துடைமை என்று ஏதாவது கிடைத்தால் உண்டு. கேட்பதற்குப் பெண் வழிச் சொத்துரிமை போல இருக்கும். ஆனால் தாலி அறுத்து நிற்கும் பெண்ணுக்கு அந்த வீட்டில் ஒரு மூலைகூட உறுதி இல்லை.

தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை இதைத்தான் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்று பாடினார். ஒருவருடைய ஐந்தாம் மனைவி தன் கதையைத் தானே சொல்வதாக அமைந்த நூல். படிக்கும்போது சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருந்த வீடுகளில் ஒன்று எங்கள் பூட்டியுடையது.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் இறந்தவரின் மருமகன்கள் வந்து சாவியைக் கேட்டார்களாம். பூட்டி இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஒரு வெண்கல உருளியும் கைக்குழந்தையுமாக அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அந்தக் கைக்குழந்தைதான் எங்கள் ஆச்சி.

அடுத்த வருடமே, 1926-ல், திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. பாகம் பிரிக்கலாம், மனைவி மக்களுக்கும் உரிமை உண்டு என்று ஆயிற்று. "எங்கப்பா ஒரு வருசம் அவசரப்பட்டுட்டாரு" என்பாள் ஆச்சி. சொல்லும்போது சிரிக்க மாட்டாள்.

பதினேழு வயதில் கல்யாணமாகி சுசீந்திரத்துக்கு வந்தாள். தெப்பக்குளத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. பாட்டா தன் சம்பாத்தியத்தில் வாங்கியது. முற்றம், அரங்கு, நெல் கொட்டும் பத்தாயம், பின்னால் கிணறு, அதற்கும் பின்னால் தென்னை. முன்கதவு, அரங்கு, பத்தாயம், அலமாரி, தோப்புப் படல், ஆக ஐந்து சாவி. ஐந்தும் ஒரு இரும்பு வளையத்தில் கோத்து ஆச்சியின் இடுப்பில் தொங்கும். அவள் எங்கே இருக்கிறாள் என்று தேட வேண்டாம், சத்தம் கேட்டாலே போதும்.

கன்னிப்பூ அறுப்பு, கும்பப்பூ அறுப்பு என்று வருடத்துக்கு இரண்டு போகம். பேச்சிப்பாறைத் தண்ணீர் சரியாக வந்தால் பத்தாயம் நிறையும். நிறைந்தால் தெருவில் நாலு வீட்டுக்கு அது வங்கி. ஆடியில் கை வறண்ட பெண்கள் பின்வாசல் வழியாக வந்து நிற்பார்கள். ஆச்சி மரக்காலில் கும்பாரமாக அளந்து கொடுப்பாள். அறுப்பு முடிந்து திருப்பித் தரும்போது தலை வழித்து வாங்குவாள். கொடுப்பது கூடுதல், வாங்குவது குறைவு. நான் வேலை பார்த்த வங்கியில் இந்தத் திட்டம் கிடையாது.

ஒன்றை மறைக்கக் கூடாது. சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லோரும் நடக்க வேண்டும் என்று 1926-லேயே சத்தியாகிரகம் நடந்தது. 1936 நவம்பர் 12-ல் மகாராஜா பிரகடனம் செய்து கோயில் கதவைத் திறந்தார். எங்கள் அடுக்களைக் கதவு திறக்க அதற்குப் பிறகும் முப்பது வருடம் ஆயிற்று. அறுப்புக்கு வரும் ஒரு அம்மாள் எங்கள் வீட்டுக் கொல்லையில் இலை போட்டுச் சாப்பிட்டதை நானே சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். 1968-ல் பாட்டா இறந்த அன்று ராத்திரி முழுக்க ஆச்சியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அந்த அம்மாள்தான். மறுநாளிலிருந்து அவருக்கும் அடுக்களையில்தான் சாப்பாடு. "இத்தனை நாளு புத்தி இல்லாம போச்சு" என்று ஆச்சி ஒருமுறை சொன்னாள். அவள் அப்படித்தான். தவறு என்று தெரிந்தால் அதற்கு ஒரு காரணம் தேடிக்கொண்டிருக்க மாட்டாள்.

நம் பக்கத்து ஔவையார் நோன்பு உங்களில் பலருக்குத் தெரியும். 'அசந்தா ஆடி, தப்பினா தை, மறந்தா மாசி' என்று செவ்வாய்க்கிழமை ராத்திரி பெண்கள் மட்டும் கூடுவார்கள். ஆண்பிள்ளை கண்ணில் படக் கூடாது, கொழுக்கட்டையும் கொடுக்க மாட்டார்கள். அன்று பாட்டாவுக்கே வீட்டில் இடமில்லை. நாங்கள் பையன்கள் பக்கத்து வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொண்டு, உள்ளே கேட்கும் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்போம். அப்படி என்னதான் பேசினார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மார்கழித் திருவிழா வந்தால் எங்கள் வீடு சத்திரம். மூன்றாம் நாள் மக்கள்மார் சந்திப்பு. கோட்டாற்றிலிருந்து பிள்ளையாரும், வேளிமலையிலிருந்து முருகனும், மருங்கூரிலிருந்து சுப்பிரமணியரும் தாய் தகப்பனின் திருவிழாவுக்கு வந்து சேர்வார்கள். அதே நாளில் எங்கள் மாமாமார், பெரியம்மை, சித்தி எல்லோரும் பெட்டி படுக்கையோடு வந்து இறங்குவார்கள். ஒரு நேரத்துக்கு முப்பது இலை விழும். தீயலும் அவியலும் உளுந்தங்கஞ்சியும் ரசவடையும் எங்கிருந்துதான் வருமோ! ஒன்பதாம் நாள் தேர். அன்று நள்ளிரவு சப்தாவர்ணத்தில் சாமி பிள்ளைகள் பெற்றோரிடம் விடைபெற்றுக்கொண்டு தங்கள் ஊருக்குத் திரும்புவார்கள். மறுநாள் எங்கள் வீடும் காலியாகும். நான் அழுதுகொண்டு நின்றபோது ஆச்சி சொன்னாள்: "சாமி வீட்டுப் பிள்ளைகளே திருவிழா முடிஞ்சா போயிருது மக்ளே. நம்ம வீட்டுல மட்டும் வேற எப்படி இருக்கும்?"

1983-ல் என் கடைசி மாமா விபத்தில் இறந்தார். சின்ன மாமிக்கு அப்போது 34 வயது, கையில் ஒரு பெண் குழந்தை. பதினாறு முடிந்ததும் மாமியின் அண்ணன்மார் வந்தார்கள், தங்கையை அழைத்துப் போக. நல்ல எண்ணத்தோடுதான் வந்தார்கள். ஆச்சி அடுக்களையிலிருந்து வந்தாள். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கழற்றி மாமியின் கையில் வைத்தாள். "இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க. அரிசி எடுக்கணும்னா இனி இவகிட்டதான் சாவி கேக்கணும்" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். அறுபது வருடம் முன்னால் தன் அம்மாவிடம் சாவியைக் கேட்டவர்களுக்கு அன்று பதில் சொன்னாள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

மாமி அந்த வீட்டிலேயே இருந்தார். எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியிருந்த சமயம் அது. விண்ணப்பம் போடச் சொல்லி ஆச்சி நச்சரித்தாள். மாமி சத்துணவு அமைப்பாளர் ஆனார். கொஞ்ச நாளில் சாவிக்கொத்தை ஆச்சியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். "நீங்க வச்சிருந்தாதான் வீடு வீடா இருக்கு" என்றாராம்.

இனி என் பாக்கிக்கு வருகிறேன்.

1996. மாமாமாருக்கு வெளியூரில் வேலை, வெளியூரில் குடும்பம். ஒருவருக்கு மகள் கல்யாணம், இன்னொருவருக்கு ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ். சுசீந்திரம் வீட்டை விற்றுப் பிரித்துக்கொள்ளலாம் என்று பேச்சு வந்தது. யாரும் கெட்டவர்கள் இல்லை, இதை அழுத்திச் சொல்கிறேன். ஆனால் 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவருடைய சுய சம்பாத்தியத்தில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சமபங்கு. ஆறு பிள்ளைகள், ஆச்சி, ஆக ஏழு பங்கு. ஆச்சி விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் வேலை சுலபம். அவளிடம் யார் சொல்வது? "வங்கியில இருக்கான், விவரம் தெரிஞ்சவன், அவன் சொன்னா கேப்பா" என்று என்னை அனுப்பினார்கள்.

நான் போனேன். பத்திரத்தைப் படித்துக் காட்டினேன். ஆச்சி ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். கடைசி மாமாவின் பங்கு முழுசாகச் சின்ன மாமிக்கும் அவர் மகளுக்கும் போக வேண்டும், அதில் தாய் என்ற முறையில் தனக்கு வருவதும் அவர்களுக்கே சேர வேண்டும். எல்லோரும் சம்மதித்தார்கள்.

பிறகு என்னிடம் கேட்டாள். "இதுல ஒப்பு போட்டா, பெறவு நான் எங்க இருக்கணும் மக்ளே?"

நான் சொன்னேன்: "எல்லார் வீடும் உங்க வீடுதானே ஆச்சி."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்படியா? அப்ப சரி" என்றாள். எழுத்துக் கூட்டி, அழகாக, ஒப்பு போட்டாள்.

தினமும் கவுன்ட்டரில் எத்தனை கையெழுத்தைச் சரிபார்த்தவன் நான். கையெழுத்து சரியா என்றுதான் பார்ப்போம். போடுகிறவருக்கு அதன் பிறகு என்ன மிச்சம் என்று பார்ப்பது எங்கள் வேலையில் இல்லை. ஆனால் அன்று நான் வங்கிக்காரனாகப் போகவில்லை, பேரனாகப் போயிருந்தேன்.

வீட்டை வாங்கியவர் வந்த அன்று ஆச்சி ஐந்து சாவியையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, எது எதற்கு என்று சொல்லிக் கொடுத்தாள். வளையத்தை மட்டும் கொடுக்கவில்லை. "இது இருக்கட்டும், இதுக்கு வேற விலை பேசலையே" என்றாள்.

அதற்குப் பிறகு ஐந்து வருடம் பிள்ளைகள் வீட்டில் முறை வைத்து இருந்தாள். வீட்டுக்கு இரண்டு மாதம். எல்லோரும் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். நேரத்துக்குச் சாப்பாடு, மாத்திரை, தீபாவளிக்குச் சேலை. எங்கள் வீட்டுக்கும் வருவாள். வந்தால் பெட்டியிலிருந்து துணியை எடுத்து அலமாரியில் வைக்க மாட்டாள். "ரெண்டு மாசந்தானே" என்பாள்.

ஒருநாள் ஒரு மாமா வீட்டுக்கு அவளைப் பார்க்கப் போயிருந்தேன். என்னைக் கண்டதும் எழுந்தாள். அடுக்களைப் பக்கம் பார்த்தாள். பிறகு மெதுவாக மருமகளிடம் கேட்டாள்: "இவனுக்கு ஒரு காப்பி கொடுக்கலாமா?"

முப்பது இலை போட்டவள். தெருவுக்கே நெல் அளந்தவள். பேரனுக்கு ஒரு காப்பி கொடுக்க அனுமதி கேட்டாள். மருமகள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் உடனே சிரித்த முகத்தோடு காப்பி போட்டுத் தந்தார். எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை. 'எல்லார் வீடும் உங்க வீடு' என்று நான் சொன்னதன் அர்த்தம் அன்றுதான் எனக்கு விளங்கியது. எல்லார் வீடும் என்றால் எந்த வீடும் இல்லை என்று அர்த்தம்.

பூட்டிக்குச் சட்டம் ஒன்றும் கொடுக்கவில்லை. ஆச்சிக்குச் சட்டம் ஏழில் ஒரு பங்கு கொடுத்தது. நாங்கள் அதைப் பாசத்தைச் சொல்லி வாங்கிக்கொண்டோம். மருமகன்கள் வந்து சாவி கேட்டது அநியாயம் என்று எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். பேரன் போய்க் கேட்டதை யாரும் சொல்வதில்லை.

2001-ல் சின்ன மாமி வந்து ஆச்சியைக் கூட்டிக்கொண்டு போனார். தன் பங்குப் பணத்தில் சுசீந்திரத்திலேயே இரண்டு அறை உள்ள வீடு ஒன்றை வாங்கியிருந்தார். முதல் நாளே வாசல் சாவியில் ஒன்றை ஆச்சி கையில் கொடுத்தார். ஆச்சி அதைத் தன் வளையத்தில் கோத்துக்கொண்டாள். பெட்டியைத் திறந்து துணிகளை அலமாரியில் அடுக்கினாள். நான் போனபோது என்னைக் கேட்காமல், மாமியையும் கேட்காமல், காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். சர்க்கரை கூடுதல். ஒன்றும் சொல்லாமல் குடித்தேன்.

2007 ஆடியில் அந்த வீட்டில் காலமானாள். 83 வயது. அந்த வருட டிசம்பரில்தான் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. எங்கள் வீட்டுப் பெண்களுக்குச் சட்டம் எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் வருகிறது. ஆனால் அதைச் சொல்லி நான் தப்பிக்க முடியாது. 1956-ன் சட்டம் நேரத்துக்கு வந்திருந்தது. அதைக் கையெழுத்து வாங்கி ஒன்றுமில்லாமல் ஆக்கியது நான்.

நண்பர்களே, இங்கே இருக்கும் மூத்தவர்களுக்கு வங்கிக்காரனாகச் சில வார்த்தை. சொத்தைப் பிள்ளைகளுக்கு எழுதுவது உங்கள் விருப்பம். எழுதினால், உங்கள் ஆயுள் வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமையையும் அதிலேயே எழுதுங்கள். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் வாய்ப்பேச்சாக விடாமல் ஆவணத்தில் சேருங்கள். அப்படி எழுதியிருந்து, பிறகு கவனிக்காமல் விட்டால், 2007 சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி அந்த மாற்றத்தை ரத்து செய்யக் கோரலாம். கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்க வேண்டும். அந்தச் சட்டத்தில் பிள்ளைகள் என்றால் பேரன் பேத்திகளும் சேர்த்திதான். உங்கள் பெயரில் தனியாக ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்புக் உங்கள் கையில் இருக்கட்டும். யார் எதை நீட்டினாலும், நான் போல விவரம் தெரிந்த பேரனே நீட்டினாலும், கையெழுத்துக்கு முன்னால் ஆச்சி கேட்ட கேள்வியைக் கேளுங்கள். பதில் முகவரியோடு வர வேண்டும்.

இளையவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. அம்மாவோ பாட்டியோ உங்கள் ஃபிளாட்டுக்கு வந்து தங்கினால் ஒரு சாவி வெட்டிக் கொடுங்கள். அறுபது எழுபது ரூபாய்தான் ஆகும். காப்பித்தூள் எந்த டப்பாவில் இருக்கிறது என்று காட்டுங்கள்.

கமிட்டிக்கும் ஒரு வேண்டுகோள். நம் வாயிலில் உள்ள பார்வையாளர் பதிவேட்டைப் போன வாரம் புரட்டிப் பார்த்தேன். ஆறு மாதமாக மகன் வீட்டில் இருக்கும் ஒரு அம்மாள், கோயிலுக்குப் போய்விட்டு வரும்போதெல்லாம் அதில் 'பார்வையாளர்' என்று கையெழுத்துப் போடுகிறார். குடியிருப்போர் பட்டியலில் அவருக்கு ஒரு வரி இல்லை. மாதக்கணக்கில் இங்கே தங்கும் பெற்றோர்களின் பெயரைக் குடும்பப் பட்டியலில் சேர்த்து, அவர்களுக்கும் அடையாள அட்டை கொடுக்க அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவாருங்கள். நான் முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவர் கிடைத்தால் போதும்.

பத்து நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது. வெளியே சுக்குக்காப்பியும் ரசவடையும் தயாராக இருக்கிறது. பெரியவர்கள் யாரும் கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டாம், நேராகப் போய் எடுத்துக்கொள்ளுங்கள்.